மைதானத்து உபாத்தியாயர்

கல்லூரி மலருக்கு ஏதேனும் ஒன்று எழுதித் தரல் வேண்டுமென்று தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் எம்மை அணுகியபோது யாம் முதற்கண் நகைத்தோம். முப்பத்தொரு வருஷகாலம் இக்கல்லூரியின் மைதானத்திலே விசிலும் கையுமாய் நின்ற ஒருவருக்கும் எழுதுகோலுக்கும் உறவு யாது? ஆட்டக்காரர் பெயர்ப் பட்டியலும், கிழிந்த வலைகளுக்குப் பதில் புதியன வேண்டுமென்னும் விண்ணப்பமும் அன்றி வேறொன்றும் யாம் எழுதியறியேம். ஆயினும் வருகிற மே மாதத்தோடு எம் உத்தியோகம் முடிவுறுகின்றமையின், விடைபெறுமுன் ஒரு வார்த்தை சொல்லிப் போதலே முறை என்று அவர் வற்புறுத்தினார். எம்மைப் பற்றி மட்டும் எழுதுவதாயின் அரைப்பக்கமும் நிரம்பாது. ஆதலின் எம் தொழிலில் எம்மினும் பன்மடங்கு பெரியாராய் விளங்கிய ஒருவரது சரிதத்தைச் சொல்லி, அதன் ஒரு மூலையிலே எம் சிறு கதையையும் வைக்கத் துணிந்தோம். நேயர்கள் பொறுத்தருள்க.

அப்பெரியார் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்னும் அமெரிக்கர். அவர் பெயரை யாம் முதன்முதற் கேட்டது, சென்னை நந்தனத்திலுள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் மாணாக்கராயிருந்த காலத்திலாகும். அக்கல்லூரியை 1920 ஆம் ஆண்டில் நிறுவிய ஹாரி குரோ பக் என்னும் பெருந்தகை, அமெரிக்க தேசத்து ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கலாசாலையிலே கற்றுத் தேர்ந்தவர். அந்த ஸ்பிரிங்பீல்டிலேதான் 1891 டிசம்பர் மாதத்தில் ஜேம்ஸ் நைஸ்மித் என்பார் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். எம் ஆசிரியர் அவ்வரலாற்றைச் சொல்லிவருகையில், "பொதுமக்கள் முன்னிலையில் முதற் கூடைப்பந்தாட்டம் 1892 மார்ச்சு 11 ஆம் நாள் நடந்தது. மாணாக்கர் ஒரு கட்சி, ஆசிரியர் ஒரு கட்சி. மாணாக்கர்க்கு ஐந்து, ஆசிரியர்க்கு ஒன்று. அந்த ஒன்றையும் இட்டவர் ஸ்டாக்" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. வென்ற கட்சியினர் பெயர் ஒன்றேனும் எம் நினைவில் தங்கவில்லை. தோற்ற கட்சியிலே ஒற்றைக் கோல் இட்டவர் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பின்னர் ஓய்வு வாய்த்தபோதெல்லாம் அவர் சரிதத்தைத் தேடிப் படித்து வந்தோம்.

ஸ்டாக் 1862 ஆகஸ்டு 16 ஆம் நாள், நியூ ஜெர்சி மாகாணத்து வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைத்துப் பிழைத்த ஏழை. பிள்ளைகள் எண்மருள் இவர் ஐந்தாமவர். உயர்தரக் கல்வி பெற இவருக்குக் காலம் தாழ்த்தே வாய்த்தது. பிலிப்ஸ் எக்ஸிட்டர் என்னும் பள்ளியில், குளிர்காலத்திலும் கணப்பில்லாத மேல்மாடத்து அறையொன்றிலே தங்கி, அரைவயிற்று உணவோடு படித்தார் என்பர். பின்பு 1884 ஆம் ஆண்டில், இருபத்திரண்டாவது வயதில், யேல் சர்வகலாசாலையிற் புகுந்தார். அவர் மனத்தில் இருந்த எண்ணம் ஒன்றே. தேவ ஊழியராகிப் பிரசங்க பீடத்தில் நிற்றல் வேண்டும் என்பதே அது.

யேலில் அவர் முதலிற் புகழ்பெற்றது பேஸ்பால் என்னும் ஆட்டத்திலாகும். பந்தெறிவதில் அவருக்கு நிகராவார் கல்லூரிகளில் அரியர். பணத்துக்கு ஆடும் சங்கத்தார் அவரைத் தம்பக்கம் இழுக்க முயன்றனர். பசித்த வயிற்றோடு படித்த அவ்விளைஞர் அதனை மறுத்துவிட்டார். அக்காலத்துத் தொழின்முறை ஆட்டக்களங்களைச் சூழ்ந்திருந்த குடியும் சூதும் அவருக்கு ஒவ்வாதனவாயிருந்தன.

அமெரிக்கக் கால்பந்து அவரைப் பற்றிக்கொண்டது இதற்குப் பின்னரே. இங்கே ஒரு விளக்கம் வேண்டப்படும். அமெரிக்கர் கால்பந்து என்பது, நம் மைதானத்தில் மாலைதோறும் நாம் காணும் ஆட்டமன்று. இருபுறமும் கூர்த்த முட்டை வடிவினதாகிய பந்தைக் கையிலே பற்றிக்கொண்டு, பதினொருவர் கொண்ட ஒரு கட்சி எதிர்க்கட்சியாரின் எல்லையை நோக்கி முட்டி மோதி முன்னேறுவதே அது. இந்நாளில் நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜம் முன்னேறல் வேண்டும். இயலாதாயின் பந்து எதிரியைச் சேரும். ஸ்டாக் ஆடிய நாளிலோ மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் என்பது விதி. பந்தை முன்னோக்கி எறிதல் விலக்கப்பட்டிருந்தது. ஆதலின் மதிலோடு மதில் மோதுவதுபோல் ஆட்கள் திரளாய் மோதிக்கொள்வதே ஆட்டத்தின் பெரும்பகுதி. உருவத்தாற் சிறியரான ஸ்டாக், அவ்வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரராகத் தேறினார். 1888 ஆம் ஆண்டில் அவர் இடம்பெற்ற யேல் குழு 13 ஆட்டங்களில் 698 புள்ளிகள் பெற்று, எதிரிகளுக்கு ஒரு புள்ளியும் விட்டுக்கொடாது வென்றது. 1889 இல், தேசமெங்குமுள்ள கல்லூரிகளினின்றும் தலைசிறந்த பதினொருவரைத் தெரிந்து முதன்முறையாக ஒரு பட்டியல் வெளியிட்டபோது, அதில் அவர் பெயரும் இடம்பெற்றது.

இத்துணைப் புகழும் பெற்றபின் அவர் வேதசாஸ்திரக் கலாசாலையிலே கற்கத் தொடங்கினார். அங்கேதான் அவர் வாழ்வு திரும்பியது. ஆயிரம்பேர் ஆரவாரிக்கும் மைதானத்தில் அஞ்சாத அவருக்கு, ஐம்பதுபேர் முன் எழுந்து பேச நா எழவில்லை. பிரசங்கம் தமக்குரிய வழியன்று என்று அவர் கண்டுகொண்டார். இத்தகைய கணத்திலே பலர் மனமுடைந்து போவர். அவரோ, சொல்லாற் செய்ய இயலாததை ஆட்டத்தாற் செய்வேன் என்று துணிந்து, 1890 இல் ஸ்பிரிங்பீல்டு சென்று பயிற்சியாளரானார். மேடை ஏறினால் கால் நடுங்கும் இயல்பு எமக்கும் உண்டு. தமிழாசிரியராதல் வேண்டும் என்று விரும்பிய யாம் மைதானத்துக்கு வந்து சேர்ந்ததும் அதனாலேதான். ஆகவே ஸ்டாக்கின் சரிதத்தில் இப்பகுதியைப் படிக்குந்தோறும் எமக்கு ஓர் ஆறுதல் பிறக்கும்.

1892 இல் சிக்காகோ சர்வகலாசாலை திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், முன்னர் யேலிலே எபிரேய மொழி கற்பித்தவர். ஸ்டாக்கின் இயல்பை நன்கறிந்தவர். அவர் ஸ்டாக்கை அழைத்து, உடற்பயிற்சித் துறையின் தலைவராக நியமித்ததோடு, பேராசிரியர் வரிசையிலே நிரந்தரப் பதவியும் அளித்தார். இந்நிகழ்ச்சியின் பெருமையை எம்மனோர் எளிதில் உணர்வர். அதுவரை ஆட்டம் கற்பிப்பவர் பருவத்துக்குப் பருவம் கூலிக்கு அமர்த்தப்படுபவராகவோ, பழைய மாணாக்கராய் அன்பினால் வந்து உதவுபவராகவோ இருந்தனர். மைதானமும் ஒரு வகுப்பு, அதில் நிற்பவரும் ஓர் ஆசிரியர் என்று ஒரு சர்வகலாசாலை ஏட்டிலெழுதி ஒப்புக்கொண்டது ஸ்டாக்கினாலேயாகும். முதல் வருஷத்தில் ஆட்டத்துக்கு ஆள் போதாமையால் அவரே சட்டை மாற்றிக்கொண்டு தம் மாணாக்கரோடு களத்தில் இறங்கி ஆடினார். 1894 இல் அவர் மணந்த ஸ்டெல்லா அம்மையார், ஆட்டங்களின் போக்கைப் படமெழுதிக் குறித்துக் கொடுத்து, இறுதிவரை அவர் தொழிலுக்குத் துணையாயிருந்தார்.

நாற்பத்தொரு பருவங்கள் அவர் சிக்காகோவிற் கற்பித்தார். 1899 தொடங்கி 1924 வரை ஏழுமுறை அவர் குழு, மேற்குப் பிரதேசத்துப் பெருங்கல்லூரிகளின் சங்கத்திலே தலைமைப் பட்டம் பெற்றது. அவர் குடியார், புகையார், இழிசொல் வழங்கார். எவனேனும் பொறுக்கலாகாத பிழை செய்தால், "கழுதை" என்பார். அதுவே அவர் வாயினின்றும் வரும் மிகக் கடிய சொல். ஒரே நாளில் அப்பட்டத்தைப் பலமுறை பெற்றவரும் உண்டென்று அவருடைய மாணாக்கர் பிற்காலத்தில் சிரித்துச் சொல்வதுண்டு.

1905 ஆம் ஆண்டு அவ்வாட்டத்துக்கே சோதனைக் காலமாயிற்று. அவ்வொரு பருவத்திலே மாத்திரம் 18 பேருக்குக் குறையாமல் களத்திலே காயமுற்று மாண்டனர் என்று பத்திரிகைகள் கணக்கிட்டன. ஆட்டத்தைத் தடைசெய்தல் வேண்டும் என்று பலரும் முழங்கினர். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெருங்கல்லூரிகளின் பிரதிநிதிகளைத் தம் மாளிகைக்கு அழைத்து எச்சரித்தார். அடுத்த வருஷமே விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி பிறந்தது. மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் என்பது பத்துக் கெஜமாயிற்று. திரண்டு மோதும் ஆட்டம் விரிந்து ஓடும் ஆட்டமாக மாறத் தொடங்கியது. விதிவகுக்குங் குழுவில் அக்காலத்தில் ஸ்டாக்கும் ஓர் அங்கத்தினர்.

விதியை வகுத்தவர் விதியை எங்ஙனம் மதித்தார் என்பதற்கு 1922 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று சான்று. பிரின்ஸ்டன் குழு சிக்காகோவுக்கு வந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியுந் தறுவாயில் சிக்காகோ மூன்று புள்ளிகள் பின்தங்கி, எதிரியின் எல்லைக்கு மிக அணித்தாக நின்றது. உள்ளே இருப்பவர்க்கு இன்ன முறையை ஆடுக என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் வெற்றி கிட்டக்கூடும். மாற்று ஆட்டக்காரர் ஒருவர் வாயிலாகச் சொல்லியனுப்புக என்று உடனிருந்த உதவியாளர் துடித்தார். மாற்று ஆட்டக்காரர் வழியாகச் செய்தி அனுப்புதல் முறையன்று என்பது விதிக்குழுவின் கருத்து. ஸ்டாக் மறுத்துவிட்டார். சிக்காகோ 18, பிரின்ஸ்டன் 21 என்று ஆட்டம் முடிந்தது. யாம் இதனை முதன்முறை படித்தபோது, எத்தனை ஆட்டங்களில் எல்லைக்கோட்டின் அருகே நின்று யாம் கத்தியிருக்கிறோம் என்று எண்ணி நாணினோம்.

அவரைக் குறைகூறுவாரும் உளர். அதனை மறைத்தல் தகாது. ஆட்டம் ஒழுக்கம் பயிற்றுதற்கே என்று அவர் சொல்லிவந்தார். ஆயினும் அவர் காலத்திலேதான் கல்லூரி ஆட்டம் பல்லாயிரவர் காசு கொடுத்துக் காணும் பெருங்காட்சியாக வளர்ந்தது. நுழைவுச்சீட்டுப் பணமும், பத்திரிகைப் புகழும், வெற்றி வேட்கையும் அவரது மைதானத்தையும் சூழ்ந்தன. நல்ல நோக்கத்தோடு நட்ட மரமே ஆயினும், அதன் நிழலில் வந்து தங்குவன அனைத்தும் நல்லனவாயிருத்தல் அரிது.

இனி யாம் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறோம். மிச்சிகன் சர்வகலாசாலைக் குழு 1901 முதல் 56 ஆட்டங்களில் ஒருமுறையும் தோல்வி காணாது வந்தது. 1905 நவம்பர் 30 ஆம் நாள் சிக்காகோவில் ஸ்டாக்கின் குழுவோடு அது மோதியது. நெடுநேரம் இருவருக்கும் புள்ளியில்லை. பின்பாதியில் சிக்காகோவின் எக்கர்சால் பந்தை உயர உதைத்தார். அது மிச்சிகனின் எல்லைக்கோட்டுக்கு அப்பாற் சென்று வீழ்ந்தது. மிச்சிகனின் டென்னிசன் கிளார்க் என்னும் இளைஞர் அதனை அங்கேயே விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் எடுத்துக்கொண்டு முன்னோக்கி ஓடினார். சிக்காகோ ஆட்டக்காரர் பாய்ந்து அவரைப் பின்னே தள்ளி, எல்லைக்குள்ளேயே வீழ்த்தினர். அதற்கு விதிப்படி எதிரிக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் 2-0 என்று முடிந்தது. சிக்காகோ நகரம் கொண்டாடியது. ஸ்டாக்கின் வெற்றிகளிலே தலையாயது இஃதென்பர்.

தோல்விக்குக் காரணம் கிளார்க் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் அக்கல்லூரியை விட்டே நீங்கினார். ஆண்டுகள் பல சென்றன. 1932 இல் அவர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தப் பழைய ஆட்டத்தின் நினைவு இருபத்தாறு வருஷத்துக்குப் பின்னும் அவரை விடவில்லை என்பது அப்போது வெளிவந்த செய்தி.

நேயர்களே, யாம் இதனைப் படித்த இரவு உறங்கவில்லை. ஏனெனில் எம் வாழ்விலும் ஒரு கிளார்க் உண்டு.

பதினெட்டு வருஷங்களுக்கு முன், கல்லூரிகளுக்கிடையே நடந்த ஹாக்கிப் போட்டியின் இறுதியாட்டம். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷமே இருந்தது. இருவருக்கும் கோல் சமம். எம் பின்காப்பு ஆட்டக்காரர் தம்மிடம் வந்த பந்தை அடித்து வெளியே தள்ளியிருக்கலாம். அவர் துணிவுடையவர். பந்தை நிறுத்தி, ஒருவரை ஏமாற்றி, முன்னே கொண்டுசெல்ல முயன்றார். எதிரி அதனைப் பறித்துக் கோல் இட்டார். கோப்பை போயிற்று. ஆட்டம் முடிந்து எல்லாரும் கூடிநின்ற இடத்திலே, ஸ்டாக்கைப்போல் கழுதை என்று சொல்லியிருந்தாலும் அது சிரிப்போடு போயிருக்கும். யாம் சொன்னது வேறு. "நீ இல்லாமல் பத்துப்பேரோடு ஆடியிருந்தால் இன்று வென்றிருப்போம்" என்றோம். அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை தம் மட்டையையும் காலணியையும் துடைத்துச் சாமான் அறையில் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். அதன்பின் படிப்பு முடியும் வரை மைதானத்தின் பக்கம் அவர் வரவில்லை. பந்தை வெளியே தள்ளாமல் முன்னே கொண்டுபோகப் பழக்கியவர் யாமே என்பது எமக்கு மட்டும் தெரியும். அதனை அன்று யாம் எவரிடமும் சொல்லவில்லை.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவரைத் தேடிச் சென்றோம். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இரும்புச் சாமான் கடை நடத்துகிறார். எம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பழைய நண்பர்கள், நம் கல்லூரிப் புதுக்கட்டடங்கள், மழை, விலைவாசி என்று பேச்சு ஓடியது. இறுதியில் யாம் வந்த காரியத்தைச் சொன்னோம். சிறிது நேரம் ஆணிகளை நிறுத்துக்கொண்டிருந்தார். பின்பு, "அன்று நீங்கள் சொன்னதை வீட்டில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை, சார். என் மகனை மட்டும் விளையாட அனுப்புவதில்லை" என்றார். பிழை எம்முடையது, பந்தை அங்ஙனம் ஆடக் கற்பித்தவரும் யாமே, அதனை அன்றே எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருத்தல் வேண்டும் என்று கூறி, மன்னிக்கவேண்டினோம். அவர் அதற்கு ஒன்றும் சொல்லாமல், உள்ளே நோக்கி, "சாருக்குக் காப்பி கொண்டுவா" என்றார்.

பேருந்து நிற்கும் இடம் வரை அவர் மகன் எம்முடன் வந்தான். பத்து வயதிருக்கும். "தாத்தா, ஹாக்கி மட்டையை எப்படிப் பிடிக்கவேண்டும்?" என்று கேட்டான். எம் கையில் இருந்தது குடை ஒன்றே. அதனைத் தலைகீழாய்ப் பிடித்து, இடக்கை மேல், வலக்கை கீழ் என்று காட்டினோம். பேருந்து வரும் வரை அவன் அதை வைத்துச் சாலையோரத்துக் கல்லொன்றை உருட்டிக்கொண்டிருந்தான். ஊர் திரும்பியதும் சிறுவர்க்குரிய மட்டையொன்று வாங்கிப் பார்சலில் அனுப்பினோம். இதுவரை கடிதம் வரவில்லை. மட்டையும் திரும்பி வரவில்லை.

கிளார்க் மறைந்த அந்த 1932 ஆம் ஆண்டே ஸ்டாக்குக்கும் சோதனை ஆண்டாயிற்று. அவருக்கு எழுபது வயது நிரம்பியது. எழுபதில் ஓய்வுபெறல் வேண்டும் என்பது சர்வகலாசாலையின் விதி. ராபர்ட் ஹட்சின்ஸ் என்னும் இளந்தலைவர் அவ்விதியைத் தளர்த்த விரும்பவில்லை. வேறு கௌரவப் பணி தரவும் முன்வந்தனர். மாணாக்கரைப் பழக்கும் பணியே தமக்கு வேண்டுவது என்று ஸ்டாக் அதனை ஏற்கவில்லை. நாற்பத்தொரு வருஷம் தாம் நின்ற மண்ணை விட்டு, கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரத்திருந்த பசிபிக் கல்லூரி என்னும் சிறு கல்லூரிக்குச் சென்றார். 1938 இல் தம் புதிய மாணாக்கரோடு சிக்காகோவுக்கு வந்து, தம் பெயரே சூட்டப்பெற்றிருந்த மைதானத்தில் ஆடி, பழைய கல்லூரியை 32-0 என்று வென்றார். அவ்வெற்றி அவருக்கு இனித்ததோ, கசந்ததோ, யாமறியேம். மறுவருஷமே சிக்காகோ அவ்வாட்டத்தைக் கைவிட்டது. மீண்டும் அதனை முறையாக ஏற்றது 1969 இலாகும். ஆளற்ற அம்மைதானத்தின் மேற்குப் படிக்கட்டுகளின்கீழ், 1942 டிசம்பர் 2 ஆம் நாள், என்ரிக்கோ பெர்மி முதலிய விஞ்ஞானிகள் அணுவின் தொடர்வினையை முதன்முதலாக மனிதன் கைக்கு அடங்கியதாய் இயக்கிக் காட்டினர். ஆட்டக்களம் என்றிருந்த இடம் உலக சரித்திரத்தின் திருப்புமுனையாயிற்று. இன்று அவ்விடத்தில் நிற்பது ஒரு பெரிய நூல்நிலையம்.

ஸ்டாக்கோ அடங்கவில்லை. 1943 இல், எண்பத்தொரு வயதில், அவ்வாண்டின் தலைசிறந்த பயிற்சியாளர் என்று அவருடைய தொழிற்சகோதரர்களே அவரைத் தெரிந்தெடுத்தனர். 1946 இல் பசிபிக் கல்லூரியை விட்டு நீங்கினார். அப்பொழுது தலைமைப் பயிற்சியாளராக அவர் பெற்றிருந்த வெற்றிகள் 314 என்பது நெடுங்காலம் வழங்கிய கணக்கு. அதனை 1981 இலேதான் ஒருவர் கடந்தார். ஆனால் எம் மனத்தை உருக்குவது அவ்வெண்ணன்று. 1947 முதல் 1952 வரை, பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா என்னும் சிறு கல்லூரியிலே தம் பெயரே தாங்கிய மகனார் பயிற்சியாளராயிருக்க, தந்தையார் அங்கே சென்று அவர்க்குத் துணைநின்று பணிபுரிந்தார். பின்பு ஸ்டாக்டனுக்கே திரும்பி, அங்கிருந்த ஒரு சிறு கலாசாலையில் பந்தை உதைக்கும் முறையைப் பையன்களுக்குக் கற்பித்துவந்தார். 1960 இலே, தொண்ணூற்றெட்டாம் வயதில், இனிப் போதும் என்றார். 1965 மார்ச்சு 17 ஆம் நாள், நூற்றிரண்டு வயது நிரம்பியவராய்க் காலமானார். ஸ்டெல்லா அம்மையார் அதற்கு முந்திய ஆண்டிலே மறைந்திருந்தார். ஆட்டக்காரர், பயிற்சியாளர் என்னும் இருவகையிலும் கல்லூரிக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் 1951 இலேயே அவர் பெயர் பொறிக்கப்பட்டது. கூடைப்பந்தின் புகழ்மண்டபத்திலும் 1959 இல் இடம்பெற்றது. அந்த ஒற்றைக் கோல் வீண்போகவில்லை!

இனி எம் காரியம். ஓய்வு பெற்றபின் யாது செய்வதாக உத்தேசம் என்று பலரும் வினவுகின்றனர். மலையடிவாரத்து ஊரொன்றிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியர் எம் பழைய மாணாக்கர். அங்கே ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலையில் ஆட்டம் கற்பிக்க எம்மை அழைத்திருக்கிறார். சம்பளம் பேருந்துச் செலவுக்குச் சரியாகும். "கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் தலைமை வகித்துவிட்டு, இனிப் போய் மாணவனுக்குக் கீழே வேலை பார்ப்பதா?" என்று எம் வீட்டார் கேட்டனர். எமக்கும் அந்த எண்ணம் சில நாள் உறுத்தியதுண்டு, அதனை மறைப்பானேன்? ஆனால் மகன் அருகே நின்று தொழில் செய்த அந்த எண்பத்தைந்து வயதுக் கிழவரை நினைத்தபோது உறுத்தல் ஒழிந்தது. தலைமையன்று, கற்பித்தலே எம் தொழில். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் அங்கே இருப்போம் என்று எழுதிவிட்டோம்.

அங்கே யாம் செய்ய விரும்புவது ஒன்றே. ஒரு பையன் பந்தைத் தவறவிடும் அந்தக் கணத்தில், விசிலை வாயில் வைத்துக்கொண்டு, நாவை அடக்கல் வேண்டும். பிறகு அவனருகே சென்று, எங்கே கால் பிசகிற்று என்று காட்டல் வேண்டும். இச்சிறு பாடத்தைக் கற்க எமக்கு முப்பத்தொரு வருஷம் சென்றது. இளமையிலேயே இதனைக் கற்றுக்கொள்ளும் ஆசிரியர் பாக்கியவான்கள்.

அன்பார்ந்த மாணாக்கர்களே, இம்மைதானத்திலே எம் சொல்லாற் புண்பட்டவர் வேறெவரேனும் உங்களுள்ளும், இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள்ளும் இருப்பீராயின், எமக்கு ஒரு கார்டு எழுதுங்கள். யாம் தேடி வருவோம். புதிய வலைகளுக்கான விண்ணப்பம் கல்லூரி முதல்வரின் மேசைமேல் இருக்கிறது. எமக்குப் பின் வருபவர் அதனை மறவாது நினைவூட்டுவாராக. மேற்கு மூலையிலுள்ள வேம்பின் கீழ் மழைக்காலத்தில் நீர் தேங்கும், அங்கே ஓடாதீர்கள். ஆடுங்கள், வெல்லுங்கள், தோற்றவன் தோளிற் கையிட்டு வெளியே வாருங்கள். நம் கல்லூரி நீடு வாழ்க!